கோணல் அறுப்பு: சில கொள்கைகளும் மறுப்புகளும்

மரம் அறுக்கும் செயின் மெஷின் நேராக இறங்காமல், பிறைபோல் வளைந்து ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போவது ஏன்? இதில் மூன்று கொள்கைகள் உண்டு. செயின் சரியில்லை என்பார் ஒரு சாரார். மெஷினே பழசு என்பார் மற்றொரு சாரார். மரத்தில் வைரம் ஒருபக்கமாக ஏறிவிட்டது என்பார் மூன்றாம் சாரார். மரம் மறுப்புரை எழுதாது என்பதால் இக்கொள்கைக்கு ஆயுள் கெட்டி. செயின் கட்சிக்குப் பாதி மதிப்பெண் தரலாம். ஆணியில் பட்டு ஒருபக்கப் பற்கள் மட்டும் மழுங்கினாலும் அறுப்பு கோணும்தான். ஆனால் புதுச் செயின் மாட்டிய பிறகும் கோணுகிறதே எனின், அங்கே மூவர் வாதமும் தோற்கிறது. குற்றவாளி பார்.

பார் என்பது செயினைத் தாங்கும் நீண்ட எஃகுத் தகடு. அதன் விளிம்பைச் சுற்றி ஒரு காடி. காடிக்கு இருபுறமும் இரு கரை. செயினின் அடிப்பல் காடிக்குள் ஓடும், உடல் கரைமேல் சறுக்கும். காடியின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அந்தச் சந்துக்குள் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஒரு சங்கிலி ஓடுகிறது. கரைகளில் ஒன்று கொஞ்சம் தேய்ந்து தாழ்ந்தால் போதும், செயின் அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த பல் சாய்வாகத்தான் அறுக்கும்.

இத்தனை முக்கியமான உறுப்புக்கு வரலாற்றில் இடமில்லை என்பது வருந்தத்தக்கது. 1830 வாக்கில் ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் ஹைனெ, எலும்பு அறுக்க ஒரு கைக்கருவி செய்தார். கைப்பிடியைச் சுற்றினால் ஒரு தகட்டைச் சுற்றிப் பற்செயின் ஓடும். ஆக, பாரின் பூர்வீகம் காடு அல்ல, அறுவை மேசை. 1946-ல் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, கட்டைக்குள் வண்டுப்புழு இடமும் வலமுமாகக் கடித்து முன்னேறுவதைக் கவனித்து, அதே முறையில் செயின் பல்லை வடிவமைத்தார். இன்றைய செயின்கள் அந்த வழியில் வந்தவை. செயினுக்கு ஒரு புழு வாய்த்தது. பாருக்கு ஒரு கொசுகூட வாய்க்கவில்லை.

தமிழ்நாட்டில் பாரின் துயரம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்த காலம் கஜா புயலை அடுத்த நாட்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை அது வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தோப்புத் தோப்பாகத் தென்னை சாய்ந்து கிடந்தது. தொல்காப்பிய மரபியலின்படி உள்ளே வைரம் உள்ளதே மரம். வெளியே வைரம் உள்ளது புல். எனவே மெஷினோடு வந்தவர்கள் அறுத்தது, இலக்கணப்படி, புல். அந்தப் புல்லின் வெளிவட்டமோ இரும்பு. மரம் மண்ணில் கிடப்பதால் அடிப்பக்கம் அறுக்கும்போது மணலும் செயினோடு ஏறிக் காடிக்குள் போகும். செயினுக்கு விடும் எண்ணெய், மரத்தூள், மணல் மூன்றும் சேர்ந்தால் கரைகளை ராவ வேறு அரம் வேண்டாம்.

நோய் அறியும் முறைகள் எளியவை. பாரைக் கழற்றி, ஒரு கண்ணாடிப் பலகைமேல் விளிம்பில் நிறுத்த வேண்டும். நேராக நின்றால் கரைகள் சமம். சாய்ந்தால் ஒன்று தேய்ந்திருக்கிறது. விளிம்பின் பக்கவாட்டில் விரலை மெதுவாக ஓட்டினால் பிசிர் தட்டுப்படும். அதைத் தட்டை அரத்தால் ராவிவிடலாம். கரையில் நீலம் பாய்ந்திருந்தால் எண்ணெய் வராமலோ, செயினை மிக இறுக்கியோ சூடேறிய இடம் அது. அங்கே எஃகின் கடினம் போயிருக்கும். எண்ணெய்த் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்க, பாரை மாட்டி மெஷினை ஓடவிட்டு, பாரின் நுனியை வெளிறிய அடிக்கட்டைக்கு நேரே, படாமல் காட்டினால் போதும். எண்ணெய் கோடாகத் தெறிக்க வேண்டும். காடி ஆழம் குறைந்து, அடிப்பல் காடியின் தரையில் இடிக்கத் தொடங்கியிருந்தால் வைத்தியம் கிடையாது. புது பார்தான்.

தடுப்பு முறைகளில் தலையாயது, செயின் தீட்டும்போதெல்லாம் பாரைப் புரட்டி மாட்டுவது. வேலையில் பெரும்பகுதியைக் கீழ்க்கரைகளே செய்வதால் அவையே முதலில் தேயும். புரட்டினால் தேய்மானம் பங்கிடப்படும். செலவில்லாத இந்த வைத்தியம் ஏன் பரவவில்லை? புரட்டினால் தகட்டில் அச்சிட்ட கம்பெனிப் பெயர் தலைகீழாகி, பாரைத் தப்பாக மாட்டியதுபோல் தெரிகிறது. பார்வைக்கு லட்சணம் வேண்டும் என்ற கொள்கை, இங்கே பௌதிகத்தை எளிதில் வென்றுவிடுகிறது.

கடைசியாக எண்ணெய்ச் சர்ச்சை. பார் ஆயிலுக்குப் பதில் பைக்கிலோ டிராக்டரிலோ இருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றலாம் என்பது இன்றும் செல்வாக்குள்ள மரபு. பார் ஆயில் பிசுபிசுப்பானது, அத்தனை வேகத்திலும் செயினைவிட்டு எளிதில் சிதறாது. வடித்த ஆயிலிலோ எஞ்சினின் இரும்புத்துகள் மிதக்கிறது என்று எதிர்க்கட்சி சான்று அடுக்கும். மரபுவாதிகளிடம் இருக்கும் சான்று ஒன்றே ஒன்று: அது சும்மா கிடைக்கிறது. இவ்வாதத்தை முறியடித்தவர் இதுவரை எவருமில்லை.