நினைவுக்கும் ஒரு திட்ட அனுமதி

பெறுநர்:
உறுப்பினர்-செயலர் அவர்கள்,
சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்,
தாளமுத்து நடராசன் மாளிகை, எழும்பூர், சென்னை.

பொருள்: மூன்றாம் முழுமைத் திட்டம் 2027–2046 – மரநிழல் – முதுமை மறதி நோய் – இரண்டையும் ஒரே கோப்பில் வைக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

முதலில் ஒரு பாராட்டு. குறைகளைப் பிறகு வைக்கிறேன். 2022 டிசம்பரில் 'ஜாமா நெட்வொர்க் ஓப்பன்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்நாட்டு மெடிகேர் காப்பீட்டில் உள்ள, 65 வயதை எட்டிய சுமார் 6 கோடியே 20 லட்சம் பேரின் மருத்துவமனைப் பதிவுகளை 2000 முதல் 2016 வரை எடுத்து, அவர்கள் குடியிருந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதி எவ்வளவு பச்சையாக இருந்தது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் சுமார் 77 லட்சம் பேர் அல்சைமர் அல்லது அதைச் சார்ந்த டிமென்ஷியா என்னும் மறதி நோயோடும், ஏறக்குறைய 12 லட்சம் பேர் பார்க்கின்சன் நோயோடும் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். பூங்காப் பரப்பு கூடிய பகுதிகளில் டிமென்ஷியாச் சேர்க்கை குறைவாக இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை. இந்த உண்மையை ஆய்வு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே உணர்ந்து, பூங்காவுக்கென்று நிலத்தை வீணாக்காமல் ஒரு மாநகரத்தையே வளர்த்துக் காட்டியவர்கள் நீங்கள். ஹார்வர்டுக்காரர்கள் 17 ஆண்டுக் கணக்கைப் புரட்டிக் கண்டதை, எழும்பூரில் ஒரு நில வரைபடத்தைப் பார்த்தே கண்டுவிட்டீர்கள். இதற்கு உரிய அங்கீகாரம் இன்னும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதே என் முதல் வருத்தம்.

இரண்டாவது வருத்தம், அந்த ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது என்பது. பூங்காவை விட்டுவிட்டு, வட்டாரத்தின் மொத்தப் பசுமையை எடுத்துக்கொண்டபோது கணக்கு மாறியது. பச்சை குறைந்த பகுதியிலிருந்து பச்சை மிகுந்த பகுதிக்குப் போகும்போது டிமென்ஷியாச் சேர்க்கை சுமார் 5 சதவீதமும், பார்க்கின்சன் சேர்க்கை சுமார் 6 சதவீதமும் குறைவாக இருந்தன. (பார்க்கின்சனைப் பொறுத்தவரை பூங்காவும் நீர்நிலையும்கூட ஆளுக்கு 3 சதவீதம் பங்களித்தன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பற்றி இன்று பேசப்போவதில்லை. ஒரு கடிதத்துக்கு ஒரு வயிற்றெரிச்சல் போதும்.) இந்தப் பசுமையை அளந்தது செயற்கைக்கோள். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஓரிடத்தின் பச்சையைக் கணக்கிடுகிறார்கள். இந்தக் கருவிக்குப் பாரபட்சமும் தெரியாது, மரியாதையும் தெரியாது. காலி மனையில் மண்டிய வேலிக்காத்தானையும் ஏரியை மூடிய ஆகாயத்தாமரையையும் பச்சை என்று எழுதிக்கொள்ளும். காம்பவுண்டுச் சுவரில் அடித்த பச்சைப் பெயின்டையும், நடைபாதையோரம் விரித்த பிளாஸ்டிக் புல்லையும், திறப்பு விழாக் கல்வெட்டையும் கணக்கில் சேர்க்காது. இத்தகைய கருவியின் கையில் நம் நகரத்தின் மானம் சிக்கியிருப்பது கவலைக்குரியதுதான்.

அப்படியானால் டிமென்ஷியா விஷயத்தில் பூங்காவுக்குக் கிடைக்காத பலன் பசுமைக்கு மட்டும் ஏன் கிடைக்கிறது? நான் வாசிக்கும் விதத்தில், பூங்கா என்பது போக வேண்டிய இடம். பசுமை என்பது இருக்கும் இடம். முழங்கால் தேய்ந்த எழுபது வயதுக்காரர், இரண்டு சிக்னலைக் கடந்து, நேர அட்டவணை தொங்கும் கேட்டைத் தாண்டி உள்ளே போனால்தான் பூங்கா அவருக்குப் பயன்படும். தெருவில் நிற்கும் புங்கை மரம் அவர் ஜன்னலைத் திறந்தாலே வேலையைத் தொடங்கிவிடுகிறது. வெயிலைக் குறைக்கிறது, கொஞ்சம் தூசியைப் பிடிக்கிறது, பால் வாங்கப் போகும் நடையைச் சாத்தியமாக்குகிறது, அடியில் நாலு பேரை நிற்கவைத்துப் பேசவைக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிட்னி, நியூகாசில், வொல்லங்காங் நகரங்களில் 45 வயதைக் கடந்த சுமார் 1,10,000 பேரை 11 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்ததில், மரக்கிளைகளின் குடை விரிந்த பகுதிகளில் டிமென்ஷியா குறைவாகத் தென்பட்டது. வெறும் புல்வெளிக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை. புல்லை வெட்டி, ஓரம் கட்டி, "புல் மீது நடக்காதீர்" என்று பலகை வைக்கும் நம் தோட்டக்கலைக்கு இது சற்றுக் கசப்பான செய்தி. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 66 லட்சம் பேரை ஆராய்ந்து 2017-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவும் இதே திசையில்தான் நிற்கிறது. பெரிய சாலையிலிருந்து 50 மீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு, 300 மீட்டருக்கு அப்பால் வசிப்பவர்களைவிட டிமென்ஷியா வாய்ப்பு 7 சதவீதம் அதிகம். தூரம் கூடக்கூட அது தேய்கிறது. அதே ஆய்வில் பார்க்கின்சனுக்குச் சாலையோடு தொடர்பு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். சாலை விரிவாக்கத்துக்காக மரத்தை வெட்டும்போது நாம் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வேலை பார்க்கிறோம்: மரம் தள்ளிப் போகிறது, சாலை கிட்டே வருகிறது.

தப்பித்து நிற்கும் மரத்தின் நிலையையும் ஒருமுறை பார்வையிட வேண்டுகிறேன். அடிமரத்தின் கழுத்துவரை சிமென்ட். அதைச் சுற்றி பேவர் பிளாக். ஒரு கைப்பிடி மண் வெளியே தெரியாது. மார்பளவு உயரத்தில் ஆணி அடித்த தகரப் பலகைகள்: பெண்கள் விடுதி, வீடு மாற்றித் தரப்படும், பத்தாம் வகுப்புக்கு டியூஷன். அதற்கு மேலே போன ஆண்டுத் திருவிழாவுக்குச் சுற்றிய சீரியல் செட், இன்னும் அவிழ்க்கவில்லை. உச்சியில் மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டியதில், மரம் சாலைப் பக்கம் சாய்ந்து அடுத்த புயலுக்காகக் காத்திருக்கிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் இப்படித்தான் வேரோடு படுத்தன. வேர் ஓட மண் இல்லாத மரம் விழுந்தால் அதை இயற்கைச் சீற்றம் என்று பதிவு செய்வது நிர்வாகத்தின் பெருந்தன்மை.

இனி உங்கள் விதிக்கு வருகிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 நல்ல விதிகள்; அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குத் தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலத்துக்குப் பதில் அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். 3,000-க்குக் கீழே எதுவும் வேண்டாம். இதில் என் மூளைக்கு எட்டாத இடம் அந்த நடுப்பகுதி. ஓ.எஸ்.ஆர். எனப்படும் இந்தத் திறந்தவெளி ஒதுக்கீட்டுத் தொகை ரசீதாகிறது, வரவாகிறது, தணிக்கைக்கு உட்படுகிறது. ஆனால் அந்தத் தெருவில் நிழலாகிறதா என்பதுதான் கேள்வி. ரசீதின் மீது செயற்கைக்கோளைப் பறக்கவிட்டால் எந்த ஒளியும் திரும்பி வராது. தானமாக வரும் நிலத்திலும் இதே குறைதான்: சதுர மீட்டரை அளக்கும் விதி கிளையை அளப்பதில்லை. மனைப் பிரிவின் கடைக்கோடியில், சுடுகாட்டுச் சுவரை ஒட்டி, முக்கோணமாக மிஞ்சிய துண்டும் 10 சதவீதம்தான். சட்டப்படி அது திறந்தவெளி. மறுப்பதற்கில்லை, அங்கே வானம் நன்றாகத் திறந்தே இருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் அலுவலகக் குறிப்பில் என்ன எழுதுவார்கள் என்று ஊகிக்க முடிகிறது: "மனுதாரர் குறிப்பிடும் ஆய்வுகள் தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிறுவவில்லை." முற்றிலும் சரி. வசதியுள்ளவர்கள் பச்சையான இடத்தில் வீடு வாங்குகிறார்கள். அவர்களுக்கே நல்ல சாப்பாடும் நல்ல மருத்துவமும் அமைகின்றன. அந்த ஆரோக்கியத்தை மரத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. வருமானம், கல்வி போன்றவற்றின் விளைவை ஆய்வாளர்கள் கழித்துத்தான் பார்க்கிறார்கள் என்றாலும், முழுதாகக் கழித்துவிட்டோம் என்று எந்தப் புள்ளியியலாளரும் சத்தியம் செய்ய மாட்டார். மருத்துவமனையில் சேர்வது வேறு, நோய் தொடங்குவது வேறு என்ற ஆட்சேபமும் நிற்கும். ஆனால் காரணத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. பணக்காரத் தெரு, ஏழைத் தெரு என்று பாராமல் யாராவது மரங்களைக் கொன்றுபோட வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பணியை ஒரு வண்டு செய்தது. ஆசியாவிலிருந்து போய்ச் சேர்ந்து, 2002-இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் கண்டறியப்பட்ட அந்த மரகதப் பச்சை வண்டு, ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் தின்று தீர்த்தது. 15 மாநிலங்களின் 1990–2007 இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வண்டு பரவிய மாவட்டங்களில் இதய நோயால் சுமார் 15,000 இறப்புகளும் சுவாச நோயால் சுமார் 6,000 இறப்புகளும் கூடுதலாக நிகழ்ந்ததாகக் கணக்கிட்டார்கள். இது மூளை நோய்க் கணக்கு அல்ல என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதயத்துக்கு ஆகாதது மூளைக்கும் பெரும்பாலும் ஆகாது. இரண்டுக்கும் ஒரே குழாயில்தான் ரத்தம் போகிறது. சென்னைக்கு வண்டு தேவைப்படவில்லை என்பது நம் தன்னிறைவுக்குச் சான்று.

இரண்டாவது குறிப்பு இன்னும் வலுவானது: "நம் ஊரில் டிமென்ஷியாவுக்குக் காரணங்கள் வேறு. சர்க்கரை, ரத்த அழுத்தம், படிப்பின்மை, காது கேளாமை. மருத்துவத் துறைக்கு அனுப்பலாம்." 2024-இல் லான்செட் ஆணைக்குழு, மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவை அனைத்தையும் களைந்தால் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அந்தப் பட்டியலில் மரம் இல்லை. ஆனால் உடல் உழைப்பின்மை இருக்கிறது, தனிமை இருக்கிறது, மனச்சோர்வு இருக்கிறது, உடற்பருமன் இருக்கிறது, காற்று மாசு இருக்கிறது. இந்த ஐந்தையும் மருத்துவர் மாத்திரைச் சீட்டில் எழுதித் தீர்க்க முடியாது. "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொல்லி அனுப்பும் அவருக்கு, அந்த நடை எந்த நிழலில் என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. தலையில் அடிபடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு. பெயர்ந்த நடைபாதைக் கல்லைப் பற்றித் தனிக் கடிதம் எழுதுவேன்.

"ஐந்து சதவீதம்தானே" என்று யாராவது கேட்பார்கள். ஒருவரைப் பொறுத்தவரை அது சொற்பம்தான். மரத்தடியில் வீடு கட்டிக்கொண்டவருக்கு மறதி வராது என்று நான் உத்தரவாதம் தரவில்லை. ஆனால் தனி நபருக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுப்பது மருத்துவரின் வேலை. கோடிப் பேரின் சராசரியைக் கொஞ்சம் நகர்த்துவதுதான் நகரமைப்பின் வேலையே. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. முதியோர் விகிதத்தில் கேரளத்தையடுத்து முன்வரிசையில் நிற்பது தமிழ்நாடு. இந்த அளவில் ஒவ்வொரு சதவீதமும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள். அப்பாவுக்குத் தன் வீட்டு வாசல் மறந்துபோனதால் வேலையை விட்ட மகள்கள், மருமகள்கள். அவர்கள் இழக்கும் சம்பளத்துக்கு வழிகாட்டி மதிப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நிலத்தின் விலைதான் தடை என்பதும் முழு உண்மை இல்லை. தெரு மரத்துக்கு நிலம் வாங்க வேண்டாம். ஒரு மரத்தடியில் நாலடிக்கு நாலடி சிமென்டைப் பெயர்த்து எடுத்தால் போதும்.

ஆகவே என் கோரிக்கைகள் சிறியவை. நகர மரங்களை ஆராயும் சிசில் கொனைனென்டைக் 2021-இல் சொன்ன அளவுகோலை முழுமைத் திட்டத்தின் வரைவில் எங்காவது ஓர் ஓரத்தில் எழுதிப் பார்க்கலாம்: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கண்ணுக்குத் தெரிய மூன்று மரம், ஒவ்வொரு வட்டாரத்திலும் 30 சதவீத மரக்குடை, 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா. வார்டு வாரியாக மரக்குடையை அளந்து, சொத்து வரி நிலுவையைப் போல ஆண்டுதோறும் வெளியிடலாம். நிலத்துக்குப் பதிலாக வாங்கிய ஓ.எஸ்.ஆர். பணம் எந்தத் தெருவிலிருந்து வந்ததோ அதே தெருவில் மரமாக வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கலாம். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த உங்கள் ஆளுகைப் பரப்பு 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஊர்களில் பல இன்னும் தாமாகவே பச்சையாக இருக்கின்றன; அங்கே எதுவும் செய்யாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும், இதில் உங்களுக்கு நீண்ட அனுபவமும் உண்டு.

அவசரம் ஒன்றுமில்லை. திட்டம் 2046 வரை ஓடும். 2027-இல் இந்தக் கோப்பைத் திறக்கும் பிரிவு அலுவலருக்கு 46 வயது என்றால், திட்டம் முடியும் ஆண்டில் அவருக்கு 65 ஆகியிருக்கும். மெடிகேர் ஆய்வில் பெயர் சேர்க்க அதுதான் குறைந்தபட்ச வயது. கோப்பு எங்கே வைத்தோம் என்பது அப்போது அவருக்கு நினைவிருந்தால், இக்கடிதத்துக்கு ஒரு பதில் அனுப்பச் சொல்லவும்.

இப்படிக்கு,
பெருநகர எல்லைக்குள் முதுமையடைந்துவரும்
மனுதாரர்

நகல்: மின்கம்பிக்குக் கிளை வெட்டும் பிரிவுக்கு – தகவலுக்காக மட்டும், நடவடிக்கை வேண்டாம்.