அணைச்சுட்டா ஆச்சா?

வாடா பேராண்டி, உட்காரு. ராத்திரியெல்லாம் டேட்டா ஏத்துனியாமே. கஸ்டமர் டேபிளைக் காலியாப் போட்டுட்டு ஆர்டரை மொதல்ல தள்ளுனியாம், மைஎஸ்க்யூஎல் 1452-ன்னு எர்ரர் காட்டி வெளிய தள்ளுச்சாம். தள்ளாம? குடும்பத் தலைவரே இல்லாத ரேஷன் கார்டுல புள்ள பேரைச் சேருன்னா எந்த ஆபீசர் சேப்பாரு?

உடனே ஃபாரின் கீ சோதனையை 0-ன்னு போட்டு அணைச்சுட்ட. கெட்டிக்காரன்! தப்புன்னு சொல்லமாட்டேன், மைஎஸ்க்யூஎல்டம்ப் எழுதித் தர்ற ஃபைலே அந்த வரியைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் வருது. ஆனா அது ஒழுங்கா ஒரு டேட்டாபேஸ்ல குடியிருந்துட்டு வர்ற டேட்டா. உன்னோடது எக்ஸெல்ல ஆளாளுக்குக் கை வச்சது.

முடிஞ்சதும் திரும்ப 1-ன்னு போட்டுட்டுத் தூங்கப் போன பாரு, அங்கதான்டா நீ என் பேரன். உள்ள நுழைஞ்சதையெல்லாம் அது திரும்பிப் பாக்கும்னு நெனச்சியாக்கும்? பாக்காது. இனிமே வர்றதைத்தான் கேக்கும். எஸ்க்யூஎல் சர்வராவது, 'வித் செக்' சொல்லாமத் திரும்பப் போட்டா, இந்தக் கன்ஸ்ட்ரெயின்ட்டை நம்பறதுக்கில்லன்னு தனக்குள்ள குறிச்சு வச்சுக்கும். எஸ்க்யூலைட் பரம சாது, பிராக்மா போட்டு எழுப்புற வரைக்கும் பொதுவா ஃபாரின் கீயைக் கண்டுக்கிறதே இல்ல.

அடுத்து போஸ்ட்கிரஸ்ல ட்ரிக்கரையெல்லாம் அணைக்கப் போறியோ? அதுக்கு சூப்பர்யூசர் உரிமை வேணும். டிபிஏகிட்ட போய்க் கேளு, ஏன் எதுக்குன்னு அவரு கேக்குற கேள்வியில ஆசையே விட்டுப்போயிரும். துறை டேபிள் தலைவரைத் தேடி ஊழியர் டேபிளுக்குப் போகுது, ஊழியர் டேபிள் துறையைத் தேடி இங்க வருதுன்னு சிக்கிக்கிட்டா, கன்ஸ்ட்ரெயின்ட்டை டெஃபர் பண்ணி வை. கமிட் அடிக்கிறப்பதான் கணக்குக் கேக்கும், அதுவரைக்கும் எதை முன்னாடி ஏத்துனாலும் வாயத் திறக்காது.

உனக்கு அந்தச் சிக்கலும் கெடையாது. கஸ்டமரை மொதல்ல ஏத்தி ஆர்டரைப் பின்னால ஏத்தியிருந்தா போதும். அவ்வளவு சுலபமா இருந்தா படிச்ச புள்ளைக்கு எப்படிப் புடிக்கும்?

சரி, ஏத்துனது ஏத்தியாச்சு. ஒரு லெஃப்ட் ஜாயின் போட்டு, கஸ்டமர் இல்லாத ஆர்டர் எத்தனைன்னு எண்ணு. ஒண்ணு ரெண்டு அகப்பட்டாலும் மறைக்காம மேனேஜர்கிட்ட நீயே போய்ச் சொல்லிரு. ஆர்டரை மட்டும் கூட்டுனா ஒரு தொகை, கஸ்டமரோட சேத்துக் கூட்டுனா இன்னொரு தொகைன்னு அவரே கண்டுபுடிச்சாருன்னா, நான் வந்து பேசினாலும் எடுபடாது.