கத்தி ஒருவர் கையில், ரத்தம் இன்னொருவர் சட்டையில்

(ஹாருகி முரகாமியின் 'கடற்கரையில் காஃப்கா' நாவல் பற்றி வந்த கேள்விகள். கதையின் முடிச்சுகளைத் தொட்டுப் பேசியிருக்கிறேன். படிக்காதவர்கள் முதல் இரண்டு பதில்களோடு நிறுத்திக்கொண்டு புத்தகத்துக்குப் போய்விடலாம்.)

கே: கதை என்ன, சுருக்கமாக?

ப: டோக்கியோவில் ஒரு சிறுவன், 15 வயது. தன் பெயரை காஃப்கா என்று வைத்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடுகிறான். ஷிகோகு தீவில் தகமாட்சு ஊரில் ஒரு தனியார் நூலகத்தில் ஒதுங்குகிறான். அதே டோக்கியோவில் நகாட்டா என்று 60 தாண்டிய ஒரு பெரியவர். போர்க்காலத்தில், 1944இல், பள்ளிப் பிள்ளைகளோடு காளான் பறிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்து, கண் விழித்தபோது எழுத்தும் படிப்பும் போய்விட்டன. பூனைகளோடு பேசும் வரம் மட்டும் வந்து சேர்ந்தது. காணாமல்போன பூனைகளைத் தேடிக்கொடுத்துக் கொஞ்சம் காசு பார்க்கிறார். ஒற்றைப்படை அத்தியாயம் சிறுவனுக்கு, இரட்டைப்படை பெரியவருக்கு.

கே: பாதி தாண்டிவிட்டேன். இருவரும் எப்போது சந்திப்பார்கள்?

ப: சந்திக்கவே மாட்டார்கள். அந்த எதிர்பார்ப்பை இறக்கிவைத்துவிட்டுப் படியுங்கள், மீதிப் பாதி வேகமாக ஓடும்.

கே: குத்தியது நகாட்டா. குத்துப்பட்டவன் ஜானி வாக்கர். செத்துக் கிடந்தவரோ காஃப்காவின் அப்பா. அப்படியானால் கொலைகாரன் யார்? ஆசிரியர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

ப: ஏமாற்றவில்லை. துப்பை நடுக்கூடத்தில் வைத்திருக்கிறார், நாம்தான் தாண்டிப் போய்விடுகிறோம்.

முதலில் தடயங்களை அடுக்குவோம். விஸ்கி பாட்டில் படத்தில் இருப்பதுபோல உயரத் தொப்பியும் பூட்ஸுமாக வந்து பூனைகளைக் கொல்லும் ஜானி வாக்கரை நகாட்டா கத்தியால் குத்துகிறார். பிறகு ஒரு காலி மனையில் கண் விழிக்கிறார். உடம்பில், துணியில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அங்கே தகமாட்சுவில், ஒரு கோவிலின் பின்புறப் புதரில் காஃப்கா கண் விழிக்கிறான். சில மணி நேரம் நினைவில் இல்லை. சட்டை நெஞ்சில் ரத்தம். காயமோ எங்கும் இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் ஓர் இரவு முழுக்கப் பஸ்ஸில் போகிற தூரம்.

இப்போது நூலகத்தில் அங்கே வேலை பார்க்கும் ஒஷிமா 'கெஞ்சி கதை'யைப் பற்றிப் பேசும் இடத்துக்குத் திரும்புங்கள். ஆயிரம் ஆண்டுப் பழைய நாவல் அது. அதில் ரொகுஜோ என்ற சீமாட்டி பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறாள். இரவில் அவளுடைய உயிர், உடம்பைவிட்டு வெளியேறி, தன் காதலனின் மனைவியைப் போய் வதைக்கிறது. இது ரொகுஜோவுக்கே தெரியாது. ஒருநாள் தன் நீண்ட கூந்தலில் பழக்கமில்லாத புகை வாசம் வீசுவதைக் கவனிக்கிறாள். நோயாளியைக் காப்பாற்றப் பூசாரிகள் போட்ட புகை அது. தான் அங்கே போய்வந்திருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைக்கிறது.

கூந்தலில் புகை, சட்டையில் ரத்தம். ஆயிரம் ஆண்டு இடைவெளியில் ஒரே தடயம்! உயிரோடு இருப்பவரின் ஆவி வெளியே போய்க் காரியம் செய்துவிட்டு வரும் என்பது ஜப்பானிய இலக்கியத்தில் வேரோடிய நம்பிக்கை. 1776இல் வெளிவந்த உவேடா அகினாரியின் பேய்க்கதைத் தொகுப்பிலும் அது உண்டு, அந்தத் தொகுப்பும் இந்த நாவலுக்குள் பேசப்படுகிறது. அப்பாவைக் கொல்வாய் என்று சிறுவனுக்கு அப்பாவே சொல்லி வளர்த்த சாபம் இருக்கிறது, மனத்தில் வெறுப்பும் இருக்கிறது. கை மட்டும் நகாட்டாவுடையது. என் தீர்ப்பு: கொலைகாரன் காஃப்கா. சட்டம் அவனைத் தொட முடியாது, அவனாலோ தப்பிக்க முடியாது. கனவில் செய்ததற்கும் பொறுப்பு உண்டா என்று அந்தப் பிள்ளை நடுங்குகிறானே, அந்த நடுக்கம்தான் எனக்கு இந்த நாவலில் முக்கியம்.

கே: வானத்திலிருந்து மீன் கொட்டுவது எதற்கு?

ப: காலி மனையில் கண் விழித்த பிறகு நகாட்டா காவல் சாவடிக்குப் போய் 'நான் ஒருவரைக் கொன்றுவிட்டேன்' என்று சொல்கிறார். இளம் போலீஸ்காரர், பெரியவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று எண்ணி எதையும் எழுதிக்கொள்ளவில்லை. போகும்போது பெரியவர், நாளை மீன் மழை பெய்யும், குடை எடுத்து வாருங்கள் என்கிறார். மறுநாள் மத்தியும் கானாங்கெளுத்தியுமாக டோக்கியோவின் நகானோ வட்டாரத் தெருவில் கொட்டுகிறது. உண்மையைச் சொன்னவரை அனுப்பிவிட்டோமே என்று அந்த இளைஞர் வெளிறிப்போகிறார். மீனுக்குக் காரணம் தேடுவதைவிட, அந்தப் போலீஸ்காரரின் முகத்தைப் பாருங்கள்.

கே: பூனைகளைக் கொல்லும் அத்தியாயத்தோடு மூடி வைத்துவிட்டேன். தப்பா?

ப: தப்பே இல்லை. 16ஆவது அத்தியாயம் யாரையும் உலுக்கும். ஆனால் அந்தக் கொடூரம் சும்மா வைத்ததில்லை. வாழ்நாளில் ஓர் ஈயைக்கூட அடிக்காத மனிதர் எப்போது கத்தியைத் தூக்குவார் என்று ஆசிரியர் சோதிக்கிறார். தனக்குத் தெரிந்த பூனை கண்ணெதிரே கிழிபடும்போது நகாட்டா 'நிறுத்துங்கள்' என்று கெஞ்சுகிறார், நிற்காதபோது குத்துகிறார். போர் மனிதர்களை என்ன செய்யும் என்பதை இத்தனை சின்ன அறைக்குள் அடக்கிக் காட்டியவர்கள் குறைவு. முடியாவிட்டால் அந்தப் பக்கங்களைத் தாண்டி 18இல் தொடங்குங்கள், பரவாயில்லை.

கே: கேஎஃப்சி கர்னல் சாண்டர்ஸ் சந்துக்குள் தரகு வேலை பார்க்கிறாரே!

ப: ஜப்பானில் அந்தக் கடை வாசல்களில் ஆளுயரத்துக்கு அவர் சிலை நிற்கும். தினமும் பார்த்து மரத்துப்போன உருவத்துக்குள் முரகாமி ஆவியை ஏற்றிவிட்டார். தான் கடவுளும் இல்லை, புத்தரும் இல்லை, மனிதனும் இல்லை என்று அவரே சொல்லிவிடுகிறார்.

கே: உங்களுக்குப் பிடித்த பாத்திரம்?

ப: லாரி டிரைவர் ஹோஷினோ. யோசிக்கவே வேண்டாம்.

குடுமி, தொப்பி, பூப்போட்ட சட்டை. டோக்கியோவைவிட்டுக் கிளம்பிய நகாட்டாவை வழியில் ஏற்றிக்கொள்கிறான், செத்துப்போன தாத்தாவின் சாயல் தெரிந்ததால். வேலையை விட்டுவிட்டுக் கூடவே போகிறான். ஒரு காபிக் கடையில் பீத்தோவனின் 'ஆர்ச்டியூக்' மூவிசை காதில் விழுகிறது. அதுவரை அந்த மாதிரி இசை கேட்டறியாதவன், கடைக்காரரிடம் அதைப் பற்றி விசாரிக்கிறான், மறுபடி வந்து உட்காருகிறான். இத்தனை நாள் என்ன வாழ்ந்தோம் என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறான். கடைசியில் இறந்த பெரியவரின் உடம்புக்குப் பக்கத்தில் துணையாக இருந்து, அவர் விட்ட வேலையை முடித்துக்கொடுக்கிறான். காஃப்கா புத்தகங்கள் வழியாக வளர்கிறான், ஹோஷினோ ஒரு மனிதர் வழியாக. எனக்கு இரண்டாவதுதான் நெஞ்சில் நிற்கிறது.

கே: பெண் பாத்திரங்கள் எல்லாம் அந்தப் பையனின் மனப்புண்ணை ஆற்றவே படைக்கப்பட்டவர்கள் மாதிரி இருக்கிறார்களே?

ப: ஒப்புக்கொள்கிறேன். நூலகத்தை நடத்தும் சேகி அம்மாள் தான் எழுதிவைத்த வாழ்க்கைக் கதை முழுவதையும் எரிக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். நமக்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. காஃப்கா பயணத்தில் சந்தித்த சகுரா என்ற பெண்ணைப் பற்றிய அந்தக் கனவுக் காட்சியை எந்த விளக்கத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

கே: ஜப்பானில் எல்லோரும் கொண்டாடினார்களா?

ப: இல்லை. 2002இல் வெளிவந்து லட்சக்கணக்கில் படிக்கப்பட்டது உண்மை. 2006இல் விமர்சகர் கொமோரி யோயிச்சி இந்த ஒரு நாவலை எடுத்து ஒரு புத்தகமே எழுதினார். வாசகருக்குக் கிடைக்கும் ஆறுதல், போர்க்காலக் குற்றங்களின் நினைவைத் துடைத்துவிடும் ஆறுதல் என்பது அவர் வாதம். கனமான குற்றச்சாட்டு. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு சிப்பாய்கள், கொல்லவும் கொல்லப்படவும் மனமில்லாமல் ஓடிவந்தவர்கள், அதற்கு ஓரளவு பதில் சொல்கிறார்கள். முழுப் பதில் இல்லை. ஓடாமல் நின்று சுட்டவர்களைப் பற்றி நாவல் பேசாமல்தான் இருக்கிறது.

கே: முரகாமியே விடை சொல்லிவிட்டால் என்ன?

ப: நாவல் வந்ததும் பதிப்பகம் வாசகர்களிடமிருந்து கேள்விகளை வரவேற்றது. 8,000க்கு மேல் குவிந்தன. 1,200க்கு மேற்பட்டவற்றுக்கு அவரே உட்கார்ந்து பதில் எழுதினார், அது 2003இல் தனிப் புத்தகமாகவும் வந்தது. புதிர்களுக்கு விடை மட்டும் தரவில்லை. ஒருமுறைக்கு மேல் படியுங்கள், விடை ஆளுக்கு ஆள் மாறும் என்பதே அவர் சொன்னது. நழுவல் என்று சிலர் கோபப்பட்டார்கள். ஆயிரம் பேருக்குத் தானே பதில் எழுதியவரை நழுவினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கே: தமிழில் கிடைக்கிறதா? இரண்டாம் முறை படிக்கிற அளவுக்கு வொர்த்தா?

ப: கார்த்திகைப் பாண்டியன் மொழிபெயர்த்திருக்கிறார். மறுவாசிப்புக்கு நேரமில்லை என்றால் காஃப்கா ரத்தத்தோடு விழிக்கும் இடம், 16, 18, ஒஷிமா ரொகுஜோவைப் பற்றிப் பேசும் பக்கங்கள், இவற்றை மட்டும் வரிசையாகப் படியுங்கள். படித்துவிட்டு, கொலைகாரன் யார் என்று உங்கள் தீர்ப்பை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். என் தீர்ப்பை மறுப்பவர்களின் கடிதங்களுக்கு அடுத்த இதழில் முதலிடம்.