சுளகில் ஒதுங்கும் வெள்ளை மணி

கேள்வி: ரேஷன் அரிசியைப் புடைக்கும்போது சில மணிகள் மட்டும் வெள்ளையாக, வழவழவென்று தனியாகத் தெரிகின்றன. ஊறப்போட்டால் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசிதானே?
– இல்லத்தரசி, மம்சாபுரம்

பதில்: இல்லம்மா, அரிசியேதான். அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் பிசைந்து, இயந்திரத்தில் மறுபடி அரிசி உருவத்துக்கே பிழிந்து காயவைத்த மணி அது. நூறு மணிக்கு ஒரு மணி என்ற கணக்கில் கலந்திருக்கிறார்கள். மாவிலிருந்து திரட்டியதால் உள்ளே நெருக்கம் குறைவு, அதனால் சில மிதக்கும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் பத்து மணியைத் தனியாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் வேகவைத்து, விரலால் நசுக்கிப் பாருங்கள். சோறாக மசியும். பிளாஸ்டிக் எங்கேயாவது மசியுமா? வேண்டாதது என்று நீங்கள் பொறுக்கி எறிவதுதான் அந்தச் சுளகிலேயே சத்து மிகுந்த மணி. தயவுசெய்து எறியாதீர்கள்.

கேள்வி: நூற்றுக்கு ஒரு மணி என்னத்துக்குக் காணும்?
– விவசாயி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: கலந்த அரிசி ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு 300 கிராம் அரிசி சாப்பிடும் பெண்ணுக்கு அதிலிருந்து ஏறத்தாழ எட்டு முதல் பதின்மூன்று மில்லிகிராம் கிடைக்கும். அவளுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். ஆக, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தேறும். மீதிக்குக் கீரை, பயறு, முட்டை, கருவாடு என்று தட்டில் வேறு ஏதாவது விழுந்தே ஆக வேண்டும்.

கேள்வி: பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்களே. அப்புறம் அரிசியில் வேறு எதற்கு?
– ஆசிரியை, ராஜபாளையம்

பதில்: மாத்திரையை நினைவு வைத்து விழுங்க வேண்டும். குமட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று பாதிப் பிள்ளைகள் அதைப் பைக்குள்ளேயே வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சோற்றை யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! இரண்டு வழியும் வேண்டும், டீச்சர்.

கேள்வி: சாப்பிட்ட கையோடு டீ குடிக்கலாமா?
– மில் தொழிலாளி, ராஜபாளையம்

பதில்: ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். டீயின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர்த்துவிடும்.

கேள்வி: படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இந்த அரிசியைச் சாப்பிட்டால் சரியாகுமா?
– ஸ்பின்னிங் மில் பெண், 22 வயது

பதில்: அரிசியை நம்பி நாள் கடத்தாதே தங்கச்சி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார். 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரையும் மருத்துவரும் வேண்டும். குடற்புழு இருந்தாலும் ரத்தம் குறையும், அதையும் கேள். வீட்டில் யாருக்காவது தலசீமியா இருந்தால், இரும்பு கலந்த உணவைப் பற்றி அவர்களுக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தூத்துக்குடிக் கல் உப்புதான். அயோடின் உப்பு கட்டாயமா?
– மளிகைக் கடைக்காரர், மம்சாபுரம்

பதில்: கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது அண்ணாச்சி, அதை வாங்கி வையுங்கள். நாட்டில் உப்பு அதிகம் விளைவிக்கும் மாநிலங்களில் ஒன்று நம்முடையது. ஆனால் 2018–19 அயோடின் ஆய்வில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இங்கேதான் மிகக் குறைவு: 61.9 சதவீதம். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி இதில் இருக்கிறது. வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்புக் கழகம் இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பே தயாரிக்கிறது. உங்கள் தெருவின் சமையலறை எல்லாம் உங்கள் கடையிலிருந்துதான் தொடங்குகிறது.

கேள்வி: ரேஷன் அரிசியில் சத்து கலப்பது நல்லதாகவே இருக்கட்டும். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?
– கல்லூரி மாணவி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும். 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்த திட்டம் இது. இரண்டாம் கட்டத்தில் முன்னேற விழையும் மாவட்டங்கள் சேர்ந்தன. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தவை நம் விருதுநகரும் ராமநாதபுரமும்தான். டெல்லியில் பேசியது மம்சாபுரம் ரேஷன் வரிசையில் நிற்கும் பாட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்றால் அவர் பிளாஸ்டிக் என்றுதான் நினைப்பார். அவரைக் குறை சொல்லவே மாட்டேன். கடை வாசலில் ஒரு தட்டி. அங்கன்வாடியில் அந்த மணியை வேகவைத்து, தாய்மார் கையிலேயே கொடுத்து நசுக்கச் சொல்லுதல். இவ்வளவு செய்தால் வதந்தி நிற்கும். ஏழைகளுக்குத் தருவதாலேயே கேட்காமல் கொடுக்கலாம் என்ற நினைப்பை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: கம்மங்கூழ் குடித்த எங்கள் ஆத்தாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லையே?
– ஓய்வுபெற்ற தபால்காரர், மம்சாபுரம்

பதில்: ஆத்தா காலத்திலும் பிரசவத்தில் ரத்தமில்லாமல் போன பெண்கள் உண்டு ஐயா. ஆனால் கம்பைப் பற்றிச் சொன்னது சரி. தீட்டிய அரிசியைவிட அதில் இரும்பு பல மடங்கு. இரும்பும் துத்தநாகமும் கூடுதலாக உள்ள ‘தனசக்தி’ என்ற கம்பு ரகம் 2014ல் நாடு முழுக்க வெளியானது. 2023ல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நம் கரிசல் காட்டில் விளையும் கம்பை அரசே கொள்முதல் செய்து, நம் ரேஷன் கடையிலேயே இரண்டு கிலோ போடட்டும். இதை மனுவாக எழுதி உங்கள் பேரூராட்சியில் கொடுங்கள். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்.