நூறு ரூபாய் மொய்க்கு ஒரு நன்றிக் கடிதம்

மதிப்புக்குரிய ஒன்றிய நிதிக்குழுவுக்கு,

கடைமடை ஊராட்சி ஒன்றிலிருந்து, வீட்டு வரி ரசீதும் கையுமாக ஒருவன் எழுதுவது.

எங்கள் பக்கம் மொய் எழுதியவர் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவார். நூறு ரூபாய் எழுதிவிட்டு, “அறுபது தண்ணிக்கும் கக்கூசுக்கும்தான், மாப்பிள்ளைக்கு வேட்டி எடுத்தா கணக்குல ஏறாது” என்று சொல்லும் தாய்மாமனை 15-வது நிதிக்குழுவில்தான் கண்டோம். 2021 முதல் 2026 வரையிலான ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காடு இப்படிக் கட்டிப்போட்ட பணம். அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்புக்கு, பாதி துப்புரவுக்கு. மிச்ச 40 எங்கள் விருப்பம். அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது.

1993-இல் நடைமுறைக்கு வந்த 73-வது திருத்தம் எங்களுக்கென 29 துறைகளை அடுக்கியது. எந்த வரியை நாங்கள் போடலாம் என்பதை மாநிலம் சொல்லட்டும் என்று விட்டுவிட்டது. சரி, ஊருக்குள் இருக்கும் ரயில்வே கட்டடத்துக்காவது வரி போடலாமென்றால் அரசமைப்பின் 285-வது பிரிவு குறுக்கே நிற்கிறது. பாக்கி இருப்பது பக்கத்து வீடுதான்.

இந்த இடத்தில் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரி வசூலுக்குப் போனால் எங்கள் ஊரில் காபி கிடைக்கும், வரி கிடைக்காது. வரியை ஏற்றுவோம் என்று தலைவர் வாயெடுத்தால் அடுத்த தேர்தலில் அவர் பங்காளியே எதிர்த்து நிற்பான். நீங்கள் பரிந்துரைக்கும் பணம் வருவதால்தான் எங்களுக்குள் சண்டையில்லை. கிராம சபையில் பேசி முடிக்க எதுவும் இல்லாததால் சீக்கிரம் கலைந்து டீ குடிக்கிறோம். அதற்குத்தான் முதல் நன்றி.

ஒரே ஒரு சங்கடம். சுடுகாட்டுப் பாதை. ஐப்பசி பிறந்தால் முழங்கால் வரை சேறு. போன மழையில் பாடை தூக்கியவர்களில் ஒருவரின் செருப்பு உள்ளே போனது, இன்னும் வரவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் பாதையைக் கேட்டோம். 40-இல் இருந்தது தீர்ந்துவிட்டது, 60-இல் பணம் கிடக்கிறது, தொட முடியாது என்றார் செயலர்.

பிறகு அவரே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அங்க எப்பவும் தண்ணி நிக்குதுல்ல, மழைநீர் சேகரிப்புன்னு எழுதிரலாமா?” என்றார்.

செல்லுமா என்று ஒரு வரி எழுதுங்கள். கார்த்திகைக்குள் தெரிந்தால் நல்லது. கிழக்குத் தெருவில் ஒரு பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கிறார்.

இப்படிக்கு,
நடப்பாண்டு வரி கட்டிய சிலரில் ஒருவன்