ஐந்து தலைமுறைப் பகா எண்

கேள்வி: எந்த மெஷினும் இல்லாமல், கையாலேயே கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த மிகப் பெரிய பகா எண் எது?

பதில்: 170141183460469231731687303715884105727. மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், 39 இலக்கம்! 127 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது. பிரெஞ்சுக் கணித மேதை எத்வார் லூக்கா 1876-ல் நிரூபித்தார். ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்திருந்தால் ஏழேழு ஜென்மமும் போதாது. ஒரு சிறு எண்ணை எடுத்து வர்க்கப்படுத்து, 2-ஐக் கழி, இந்த எண்ணால் வகுத்து மீதியை எடு, மறுபடி வர்க்கப்படுத்து என்று போகும் வழி அவருடையது. கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண்தான். 1951 வரை இதை மிஞ்ச ஆளில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது இதன் வம்சம். இரண்டு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 3. மூன்று இரண்டுகளுக்கு 7. ஏழுக்கு 127. அதற்கு நம்மவர். 2-லிருந்து ஐந்து தலைமுறையும் சுத்தப் பகா எண்கள்! ஆறாவது வாரிசு எப்படியென்று உலகில் யாருக்கும் இன்னும் தெரியாது.