கையெழுத்துல மட்டும் கை வெக்காதே, கண்ணு

பெரிய கம்பெனி ஒண்ணைக் கிளவுடுக்குக் கூட்டிட்டுப் போற வேலையாமா உனக்கு. உங்கொம்மா போன்ல சொல்லுச்சு. நல்லாயிருங் கண்ணு. ஆனா அந்த ஆபீசுல நோகாம உக்காந்து வருசக்கணக்கா பில்லுப் போடோணும்னா, அப்பிச்சி சொல்றதைச் சித்தெ கேட்டுக்கோ. எனக்குக் கம்ப்யூட்டரு ஓட்டத் தெரியாது. நீ லீவுக்கு வர்றப்பெல்லாம் திண்ணையில உக்காந்து சொன்னதைக் கேட்டதுதான் என்ற படிப்பு. ஆனா நான் கூட்டுறவு சொசைட்டி போர்டுல இருந்தவன். ஒரு காரியம் நடக்காமயே நடந்துட்டதா மினிட்ஸ் எழுதறது எப்படின்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மொத வேலையா பேரை மாத்தீரு. சர்வர் பாத்துக்கறவங்க ரூமு வாசல்ல 'டெவ்ஆப்ஸ்'னு போர்டு மாட்டு. எழுதறவனும் ஓட்டறவனும் ஒண்ணாச் சேந்து வேலை பாக்கறதுக்கு வெச்ச பேராமா அது. ஆளு அதே ஆளு, சேரு அதே சேரு, டிக்கெட் போட்டா பதினஞ்சு நாளு ஆகுங்கறதும் அதே. அப்பறம் டீமுக்கெல்லாம் ஸ்குவாடு, ட்ரைப்னு பேரு வெய்யி. சுவீடன்ல ஸ்பாட்டிஃபைங்கற பாட்டுக் கம்பெனியில அப்படித்தான் வேலை நடக்குதுன்னு 2012ல ஒரு கட்டுரை வந்துச்சாமா. இது இன்னைக்கு இருக்கற நெலமைதான், நாங்க மாறீட்டே இருக்கறோம்னு அதுலயே சொல்லித்தான் இருந்தாங்க. ஊர்ப்பட்ட கம்பெனிக அந்த வரியைத் தாண்டிக் குதிச்சுப் போயி பேரை மட்டும் அள்ளிட்டு வந்தாங்க. தூக்கறதுக்கு லேசா இருந்தது அது ஒண்ணுதான் பாரு.

அடுத்தது சாமான். குபெர்னெடிஸ் வாங்கி வெச்சீரு. கூகுள்காரங்க உள்ளுக்குள்ள 'போர்க்'னு ஒண்ணைப் பல வருசம் ஓட்டி, பட்ட பாட்டையெல்லாம் பாடமாக்கி, 2014ல ஊருக்கே ஓசியா விட்டது. சாப்ட்வேர் அடைச்ச எந்த கன்டெய்னரை எந்த சர்வர்ல எறக்கறது, செத்துப்போனா எங்க எழுப்பறதுன்னு மனுசன் கைபடாம பாத்துக்கும். நல்ல சாமான்தான், நான் கொறை சொல்ல மாட்டேன். நீ போற கம்பெனியில நாப்பது பேரு லீவு லெட்டர் போடற சாப்ட்வேர் ஒண்ணு இருக்கும் பாரு, அதை மொதல்ல ஏத்து. ஏத்தறதுக்கு ஒரு டீமு, ஏத்துனதைக் காவல் காக்கறதுக்கு ஒரு டீமு, எதுக்கு ஏத்துனோம்னு பிபிடி போடறதுக்கு ஒரு டீமு. மூணுக்கும் பில்லு.

சர்வரை நாய்க்குட்டியா வளக்காதீங்க, மாடா வெச்சுக்கோங்கன்னு உங்காளுக ஒரு பாடம் நடத்தறாங்களாமே. நாய்க்குட்டின்னா பேரு வெச்சு, சீக்கு வந்தா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுவாங்களாம். மாட்டுக்கு நம்பர்தானாம், ஒண்ணு போனா இன்னொண்ணாம். இதைச் சொன்ன மகராசன் காங்கேயம் பக்கம் கால் வெச்சதே இல்லைன்னு சத்தியம் பண்ணுவேன். நம்ம கட்டுத்தறியில பேரில்லாத மாட்டை எனக்குக் காட்டு. ஆனா அவன் சொல்ல வந்த விசயம் சரி. ஒரு சர்வரு செத்தா யாரும் அழுகாம, எழுதி வெச்ச கோடைப் பாத்து இன்னொண்ணு தானா எந்திரிக்கோணும். நெட்ஃபிளிக்ஸ்காரன் அதைச் சோதிக்கறதுக்குன்னே ஒரு கொரங்குப் புரோகிராம் எழுதி, ஓடிட்டிருக்கற சர்வரை வேணும்னே சாவடிக்க விட்டான். அதுவும் ராத்திரியில இல்லை, எல்லாரும் வேலையில இருக்கற பட்டப்பகல்ல. அந்தக் கொரங்கை நீ போற கம்பெனிக்குள்ள விட்டுறாதே. அங்க எல்லா விவரமும் ரிட்டயராகப் போற ஒரு பெரியவரு மண்டைக்குள்ள இருக்குது. அவரு லீவு போட்டாலே கொரங்கு வந்துட்டுப் போன மாதிரிதான்.

அப்பறம் மைக்ரோசர்வீஸ். பெரிய சாப்ட்வேரை நாப்பது துண்டாப் போடு, ஆனா நாப்பதுக்கும் ஒரே டேட்டாபேஸ் வெய்யி. அண்ணந்தம்பி நாலு பேரு தோட்டத்தைப் பாகம் பிரிச்சு, நாலு ஊடு கட்டி, நாலு ரேசன் கார்டு வாங்கிட்டு, மோட்டார் ரூம் சாவியை மட்டும் பெரியவன் இடுப்புல விட்டு வெச்ச கதைதான் அது. தண்ணி வேணும்னா அன்னாடும் அவன் வாசல்ல போயி நிக்கோணும். பிரிச்ச கணக்குக்குப் பிரிச்சாச்சு, சண்டையும் கொறையலை. 2023ல அமேசானோட பிரைம் வீடியோலயே ஒரு டீமு, வீடியோ தரம் பாக்கறதுக்குத் துண்டு துண்டா வெச்சிருந்ததை ஒண்ணாச் சேத்து, செலவு 90 சதவீதம் கொறைஞ்சுதுன்னு எழுதுனாங்களாம். இந்தச் சேதியை நீ போற கம்பெனியில வாயத் தொறந்து சொல்லிப்போடாதே. துண்டுக்கு இவ்வளவுன்னுதானே நீ ரேட்டுப் பேசியிருக்கறே?

கான்வேன்னு ஒரு அமெரிக்காக்காரரு, நம்மூருக்கு ஐஆர் எட்டு நெல்லு வந்த சமயம், 1968ல, இதையெல்லாம் எழுதி வெச்சுட்டாரு. ஒரு கம்பெனிக்குள்ள யாரு யார்கிட்டப் பேசறாங்களோ, அவங்க கட்டற சாமானும் அதே அமைப்புலதான் வந்து நிக்குமாம். ஹார்வர்டு பத்திரிகைக்கு அனுப்புனாரு, சரியா நிரூபிக்கலைன்னு திருப்பீட்டாங்க. வேற பத்திரிகையில வந்துச்சு. அன்னைக்குத் திருப்புனவங்க பேரு யாருக்கும் தெரியாது, இவரு பேருல ஒரு விதியே இருக்குது. நாலு மேனேஜர் மொறைச்சுக்கிட்டுத் திரியற எடத்துல நாலு மொறைச்ச சாப்ட்வேர்தான் வரும். அதனால நீ சாப்ட்வேரை மட்டும் மாத்து, மேனேஜர் உக்காந்திருக்கற அமைப்பைத் தொட்டுறாதே.

ரிலீசு எப்பவும் சனிக்கெழமை ராத்திரிதான். புதுக் கோடைத் தானாக் கொண்டு போயிச் சேக்கற பைப்லைன் கியிப்லைன்னு ஏதும் வேண்டாம், மனுசன் கையாலயே காப்பி பண்ணட்டும், பிரியாணி வாங்கிக் குடுத்துக்கலாம். அமெரிக்காவுல நைட் கேப்பிடல்னு ஒரு பங்கு வியாபாரக் கம்பெனி இருந்துச்சு. எட்டு சர்வர்ல புதுக் கோடு போடோணும். போட்டவன் ஏழுல போட்டுட்டு ஒண்ணை உட்டுட்டான். போட்டது சரியான்னு இன்னொருத்தர் பாக்கற வழக்கமும் கெடையாது. 2012 ஆகஸ்டு 1, காலையில சந்தை தொறந்ததும், அந்த எட்டாவது சர்வர்ல வருசக்கணக்காத் தூங்கிட்டிருந்த பழைய கோடு எந்திரிச்சு கண்ணுமண்ணு தெரியாம ஆர்டராப் போட்டுத் தள்ளுச்சு. பதறிப்போயி என்ன பண்ணுனாங்க தெரியுமா? நல்லா இருந்த ஏழுல இருந்து புதுக் கோடை எடுத்துட்டாங்க. அப்பறம் எட்டும் சேந்து ஆடுச்சு. முக்கா மணி நேரத்துல 44 கோடி டாலருக்கு மேல போச்சு. சந்தை தொறக்கறதுக்கு முந்தியே அவங்க கம்ப்யூட்டரு 97 ஈமெயில் அனுப்பியிருக்குது, ஏதோ சரியில்லைன்னு. ஒருத்தரும் அதைக் கண்டுக்கலை. உன்ற ஆபீசுலயும் அலாரம் வர்ற ஈமெயிலுக்குன்னு ஒரு தனி ஃபோல்டர் இருக்குமே, யாரும் தொறக்காதது? அதைப் பத்திரமா வெச்சுக்கோ.

இப்பத்தான் முக்கியமான எடத்துக்கு வர்றேன். கையெழுத்து.

எந்த மாத்தத்துக்கும் ஒப்புதல் குடுக்கற கேப் மீட்டிங் புதன்கெழமைக்குப் புதன்கெழமை நடக்குதுன்னு சொன்னியே. ஒரு பட்டன் கலரை மாத்தறதுக்கும் படிவம், பேங்கு பாக்கியைக் கணக்குப் போடற கோடை மாத்தறதுக்கும் அதே படிவம். கோடைக் கண்ணால பாக்காத பதினோரு பேரு கையெழுத்துப் போடோணும். அதை மட்டும் தொட்டுறாதே, கண்ணு, உன்ற பொழப்பே அதுல இருக்குது. நிக்கோல் ஃபோர்ஸ்கிரன், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம்னு மூணு பேரு ஆயிரக்கணக்கான ஆளுககிட்ட வருசக்கணக்கா விசாரிச்சு 2018ல பொஸ்தகம் போட்டாங்க. டீமுக்கு வெளிய இருக்கற ஆளுக கையெழுத்துக்குக் காத்திருக்கற கம்பெனியில எல்லாமே மெதுவாப் போகுது. சரி, மெதுவாப் போனாலும் தப்பு கொறையுதான்னு பாத்தா, கையெழுத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே தெரியலை. இந்தப் பொஸ்தகத்தை உன்ற பெரிய அதிகாரிக்குப் பரிசாக் குடு. அவரு அலமாரியில வெப்பாரு. வெக்கறதுக்கு முந்தி, வாங்கறதுக்கு ஒப்புதல் படிவம் கேப்பாரு.

கையெழுத்துக்கு ஒரு கதை சொல்றேன். பிரிட்டன்ல டிஎஸ்பின்னு ஒரு பேங்கு. லாய்ட்ஸ் பேங்குல இருந்து பிரிஞ்சு வந்தது, ஆனா கம்ப்யூட்டரு மட்டும் லாய்ட்சோடது, வாடகைக்கு. 2015ல ஸ்பெயின்ல இருக்கற சபடெல் பேங்கு இதை வாங்குச்சு. வாடகை எதுக்கு, நம்ம சாமானுக்கே போயிருவோம்னு முடிவு பண்ணுனாங்க. 52 லட்சம் பேரோட கணக்கு. கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு போயிருக்கலாம். பெரும்பகுதியை ஒரே தாவாத் தாவறதுன்னு, 2018 ஏப்ரல்ல ஒரு சனி ஞாயித்துல தாவுனாங்க. டேட்டா பத்திரமாத்தான் போய்ச் சேந்துச்சு, போய்ச் சேந்த எடந்தான் படுத்துருச்சு. 19 லட்சம் பேரால கணக்குக்குள்ளயே போக முடியலை. சில பேருக்கு அடுத்தவன் கணக்கு தெரிஞ்சுது. ரெண்டு டேட்டா சென்டர் இருந்துச்சு, சோதனை ஒண்ணுலதான் பண்ணியிருந்தாங்க. எல்லாம் ஒரு நெலைக்கு வர டிசம்பர் ஆயிப்போச்சு. அந்த வருசத்துல மட்டும் 33 கோடி பவுண்டு செலவு, 80,000 பேரு பேங்கையே மாத்தீட்டாங்க, தலைமை அதிகாரி செப்டம்பர்ல போயிட்டாரு.

கையெழுத்து இல்லாமயா தாவுனாங்கன்னு கேளு. அதெல்லாம் அமோகமா இருந்துச்சு. சாமானைக் கட்டிக் குடுத்த கம்பெனியும் சபடெல் குடும்பந்தான். 'தயாரா?'ன்னு கேட்டதுக்கு அவங்க காயிதம் குடுத்தாங்க. அப்பறம் விசாரிச்ச வக்கீல்க பிரிச்சுப் பாத்தா, தயாரா இருக்கறோம்னு அதுல இல்லை, தயாராயிருவோம்ங்கற நம்பிக்கைதான் இருக்குது. என்ற சொசைட்டி மினிட்ஸ்ல கூட நான் அவ்வளவு நைசா எழுதுனதில்லை. 2022 டிசம்பர்ல பேங்குக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல அபராதம். அடுத்த வருசம், ஐடி தலைவரா இருந்தவருக்குத் தனியா 81,620 பவுண்டு. கட்டிக் குடுத்தவங்க நெசமாலுமே தயாரான்னு அவரு ஒழுங்காப் பாத்து உறுதி பண்ணலைன்னு. இதைப் படிச்சதுக்கப்பறமும் கையெழுத்துதான் பாதுகாப்புன்னு சொல்றவங்க உன்ற ஆபீசுல இருப்பாங்க. அவங்களோட சண்டைக்குப் போகாதே. சேந்து டீக் குடி.

நெசமாலுமே அந்தக் கம்பெனியை மாத்திப் பாக்கோணும்னு உனக்குள்ள ஒரு ஆசை இருக்குமே. இருக்கக் கூடாது. உங்கொய்யனுக்கும் இருந்துச்சு, அதனாலதான் அவன் கடைசி வரைக்கும் கிளார்க்கு. அப்படியும் உனக்கு அந்த ஆசை இருந்துச்சுன்னா, இப்படிப் பண்ணு.

ஒரு சின்னச் சாமானை எடு. அட்ரஸ் மாத்தற ஸ்கிரீன் போதும். ஆறேழு பேரு. டேட்டாபேஸ் அவங்களோடது. அவங்களே எழுதோணும், அவங்களே ப்ரொடக்சன்ல விடோணும், நடுச்சாமத்துல அந்தச் சாமான் படுத்துக்கிட்டா அவங்க போன்தான் அடிக்கோணும். கட்டுனவனே ஓட்டோணும்னு அமேசான்ல வெர்னர் வோகல்ஸ் 2006லயே சொல்லிட்டாரு. தூக்கம் கெடும்ங்கற பயம் வந்துட்டா, டெஸ்ட் எழுதச் சொல்லி நீ கெஞ்ச வேண்டியதில்லை. அது நல்லா ஓடுச்சுன்னா அடுத்ததை எடு. அவசரப்படாதே. நெட்ஃபிளிக்ஸ்ல 2008ல டேட்டாபேஸ் கெட்டு மூணு நாளு டிவிடி அனுப்ப முடியாமப் போச்சு, அதுக்கப்பறந்தான் கெளம்புனாங்க. முடிஞ்சது 2016 ஜனவரியில. காசு வசூல் பண்ற பில்லிங்கைக் கடைசியாத்தான் நகத்துனாங்க. பயப்பட வேண்டியதுக்குப் பயந்தாங்க, மத்ததுக்குப் பயப்படலை.

கேப் மீட்டிங்கை எடுக்கச் சொல்லிக் கேட்டீன்னா உன்னயத்தான் எடுப்பாங்க. அவங்க நம்பற ஐடிஐஎல் முறையிலயே 'ஸ்டேண்டர்டு சேஞ்ச்'னு ஒண்ணு இருக்குதே. அடிக்கடி நடக்கற, ஆபத்தில்லாத மாத்தத்துக்கு முன்கூட்டியே ஒரு தடவை ஒப்புதல் வாங்கி வெச்சுக்கலாம். உன்ற அட்ரஸ் ஸ்கிரீனை அதுல சேத்தச் சொல்லு. எழுதுனது ஒருத்தன், பாத்தது இன்னொருத்தன், டெஸ்ட் தேறுச்சு, இன்ன மணிக்குப் போச்சுன்னு பைப்லைன் தானாக் குறிச்சு வெக்கும். ஆடிட்டருக்கு அதுதான் வேணும், ஆபீசருங்க கையெழுத்து மேல அவருக்கு ஒண்ணும் மோகமில்லை. என்ற சொசைட்டிக்கு வந்த ஆடிட்டரு மினிட்ஸை ஒரு நாளும் படிச்சதில்லை, ரசீதுக் கட்டைத்தான் பிரிப்பாரு.

அந்தப் பதினோரு பேரைத் திட்டாதே. கையெழுத்துப் போடறதுதான் அங்க அவங்களுக்கு இருக்கற மரியாதை. அதை வெறுங்கையாப் புடுங்குனா எந்தக் கிளவுடும் எறங்காது. அதுல ரெண்டு பேருக்காவது விசயம் தெரிஞ்சிருக்கும், எங்க இடிக்கும்னு அனுபவத்துல சொல்லுவாங்க. அவங்களைப் படிவத்துல இருந்து எடுத்து டீமுக்குள்ள உக்கார வெச்சு, அவங்களுக்குத் தெரிஞ்சதை டெஸ்டா எழுத வெய்யி. மிச்சம் ஒம்பது பேருக்கு மாசத்துக்கு ஒரு மீட்டிங் போட்டு வடை குடு.

இத்தனையும் சரியா நடந்துச்சுன்னா ரெண்டு வருசத்துல அந்தக் கம்பெனிக்கு உங்க ஆளுக யாருமே வேண்டியதில்லை, அவங்களே பாத்துக்குவாங்க. உன்ற பாஸ்கிட்ட இதை மட்டும் சொல்லீராதே. அவரு கார் லோன் இன்னும் அஞ்சு வருசம் இருக்குதுன்னு நீதானே சொன்னே.